எந்த மரத்துப் பிசின்?

சித்தூர், திருப்பதிப் பக்கம் பழைய கல்சுவர் இடுக்கில் கொசுத்தேனீ குடியிருந்தால் வாசலே காட்டிக்கொடுத்துவிடும். பிசினும் மெழுகும் சேர்ந்த ஒரு சிறு குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். எறும்பு ஏறினால் சிக்கிக்கொள்ளும். மரத்தில் கசியும் பிசினைப் பின்னங்கால்களில் சுமந்துவந்து தேனீக்கள் செய்யும் இந்தப் பூச்சுதான் புரோபோலிஸ்.

சர்க்கரை நோய்க்கு இது மருந்தாகுமா? வயிற்றில் கொழுப்பு கூடும்போது அங்குள்ள நோயெதிர்ப்பு அணுக்கள் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. அதனால் இன்சுலின் இருந்தும் அதன் வேலை சரியாக நடப்பதில்லை. காய்ச்சலோ வீக்கமோ காட்டாமல் ஆண்டுக்கணக்கில் நீளும் இந்த அழற்சி இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இதைத் தூண்டிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தைப் புரோபோலிஸில் உள்ள 'கேப்' என்ற வேதிப்பொருள் தடுக்கிறது என்று 1996-இல் அமெரிக்காவில் பரத் அகர்வால் குழு செல்களில் சோதித்துக் காட்டியது.

மனிதர்களிடம்? ஈரானில் 94 நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தினம் 1,000 மில்லிகிராம் வீதம் 90 நாள் புரோபோலிஸ் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் அழற்சியும் குறைந்தன. ஜப்பானில் பிரேசில் புரோபோலிஸைக் குறைந்த அளவில் 8 வாரம் கொடுத்தபோது சர்க்கரையில் மாற்றம் இல்லை.

அளவு மட்டுமல்ல, சரக்கே வேறு. 'கேப்' ஐரோப்பியத் தேனீக்கள் நாடும் பாப்லர் மரத்திலிருந்து வருவது. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் அங்குள்ள ஒரு புதர்ச்செடியின் தளிரிலிருந்து வருவது. அதில் முக்கியமானது ஆர்டிபில்லின்-சி. திருப்பதிப் பக்கத்துச் சேஷாசலம் காட்டில் பாப்லர் ஏது? அங்கே செம்மரமும், வெட்டினால் சிவப்பாகப் பிசின் வடியும் வேங்கையும் உண்டு. சமவெளியில் கிளிமூக்கு மாந்தோப்புகள். தாய்லாந்தில் கொசுத்தேனீக்கள் மாமரப் பிசின் சேர்ப்பது உறுதியாகியிருக்கிறது. ஆகவே ஈரான் முடிவைச் சித்தூர்க் கூட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. இந்த ஊர்ப் பிசினை இங்கேயே பகுத்து, இங்குள்ள நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும்.

அதுவரை புரோபோலிஸை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். ஆஸ்துமாவோ தேனீ ஒவ்வாமையோ உள்ளவர்கள் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.