ரோமின் தலையெழுத்தை மாற்றிய கடற்போர்

குடியரசாக இருந்த ரோம் பேரரசாக மாறியதற்கு ஒரு கடற்போர் வழிவகுத்தது, தெரியுமா? கி.மு. 31-இல், கிரேக்கத்தின் மேற்குக் கரையில், அக்டியம் என்ற இடத்தில் ரோமின் அதிகாரத்துக்குப் போட்டியிட்ட ஆக்டேவியனும் மார்க் ஆண்டனியும் மோதினார்கள். ஆக்டேவியனின் தளபதி அக்ரிப்பா உணவு வரும் கடல்வழிகளை முன்பே அடைத்துவிட்டார். ஆண்டனியின் முகாமில் பசியும் நோயும் பரவின. சண்டை நடக்கும்போதே ஆண்டனியின் பக்கம் நின்ற எகிப்து அரசி கிளியோபாட்ராவின் கப்பல்கள் பாய் விரித்துக் கிளம்பின. ஆண்டனியும் பின்னாலேயே போய்விட்டார். கைவிடப்பட்ட படை சரணடைந்தது. பிடிபட்ட கப்பல்களின் முகப்பில் இருந்த கனமான வெண்கல இடிமுனைகளைக் கற்சுவரில் பதித்து, ஆக்டேவியன் வெற்றிச் சின்னம் எழுப்பினார். மறு ஆண்டே எகிப்து ரோமின் வசமானது. போர் முடிந்த நான்கே ஆண்டுகளில், அகஸ்டஸ் என்ற பட்டத்துடன் ஆக்டேவியன் ரோமின் முதல் பேரரசரானார்.