மூணாவது ரவுண்டுல போன டிஃபென்ஸ்மேன்: பழைய ஆட்களோட எப்படி ஒப்பிடணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஒரு நேயரோட வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

"அண்ணா, ஆன்லைன் சிமுலேஷன் ஹாக்கி லீக் ஒண்ணுல ஒரு டிஃபென்ஸ்மேன் உருவாக்கினேன். நேத்து டிராஃப்ட். மூணாவது ரவுண்டு வரைக்கும் என்னை யாரும் எடுக்கல. எடுத்த டீம் இதுக்கு முன்னாடி எடுத்த டிஃபென்ஸ்மேன்களோட என்னை ஒப்பிட்டு ஒரு ஷீட் போட்டேன். முதல் ரவுண்டுல வந்த ஒருத்தர் டிராஃப்ட் அன்னைக்கு 240 பாயின்ட்ஸ் வச்சிருந்தார். நான் 168. விட்டுடலாமான்னு தோணுது."

விடாதீங்க தம்பி. அந்த ஷீட்டைக் கொஞ்சம் வேற மாதிரி படிக்கலாம்.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

புதுசா கேட்கிறவங்களுக்காகச் சொல்றேன். இங்க ஹாக்கின்னா ஐஸ் ஹாக்கி. ஒரு டீம்ல ஒரே நேரத்துல ஆறு பேர் ஐஸ்ல இருப்பாங்க: மூணு ஃபார்வர்டு, ரெண்டு டிஃபென்ஸ்மேன், ஒரு கோலி.

சிமுலேஷன் ஹாக்கி லீக் மாதிரியான இடங்கள்ல ஒவ்வொரு உறுப்பினரும் ஒரே ஒரு கற்பனை வீரரை உருவாக்குவாங்க. வாராவாரம் பயிற்சிக்குப் பதிவு பண்றது, லீக் பத்தி கட்டுரை எழுதுறது, படம் வரையறது, மேட்ச் முடிவைக் கணிக்கிறது... இதுக்கெல்லாம் பாயின்ட்ஸ் கிடைக்கும். அதை ஸ்கேட்டிங், பாஸிங், ஷாட் தடுக்கிறதுன்னு பிரிச்சுப் போடணும். மேட்சை கம்ப்யூட்டர் ஆடும். முதல்ல ஜூனியர் லீக், அப்புறம் டிராஃப்ட், அப்புறம் பெரிய லீக். டீமை நடத்துற ஜிஎம்மும் நம்மள மாதிரி ஒரு உறுப்பினர்தான்.

ஒண்ணு: எத்தனை வாரத்துல சேர்த்தது?

நிஜ ஹாக்கியில இருந்தே எடுத்துக்கலாம். 2021-ல என்ஹெச்எல் டிராஃப்ட்டின் முதல் பிக் ஓவன் பவர். 2025-ல முதல் பிக் மேத்யூ ஷேஃபர். ரெண்டு பேருமே டிஃபென்ஸ்மேன், ரெண்டு பேருமே முதல் இடம். ஆனா டிராஃப்ட் அன்னைக்கு பவருக்கு 18 வயசு 8 மாசம். ஷேஃபருக்கு 17 வயசு 9 மாசம். செப்டம்பர் 15-தான் வயசுக்கான கட்-ஆஃப் தேதி. ஷேஃபர் பிறந்தது செப்டம்பர் 5. பதினோரு நாள் தள்ளிப் பிறந்திருந்தா அவர் அடுத்த வருஷ டிராஃப்ட்டுக்குப் போயிருப்பார். அந்த வயசுல ஒரு வருஷம்கிறது உடம்பு, வேகம், அனுபவம் எல்லாத்தையும் மாத்தும். அதனால வயசைப் பார்க்காம ரெண்டு பேரோட எண்களைப் பக்கத்துல வச்சா, பெரியவர்தான் நல்லாத் தெரிவார்.

சிமுலேஷன்ல பிறந்தநாளோட வேலையைச் செய்றது, நீங்க வீரரை உருவாக்கின தேதி. நேயர்கிட்ட திரும்பக் கேட்டேன். அவர் கடைசி நேரத்துல சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகுது. அந்த முதல் ரவுண்டு ஆளுக்கு பன்னிரண்டு வாரம் கிடைச்சிருக்கு. எல்லாருக்கும் பொதுவா வர்ற தொடக்க பாயின்ட்ஸை ரெண்டு பேருக்குமே கழிச்ச கணக்குதான் அந்த 240-ம் 168-ம். வகுத்துப் பாருங்க: அவருக்கு வாரத்துக்கு 20, நம்ம தம்பிக்கு 24! ஷீட்ல கடைசியா இருக்கிறவர் வேகத்துல முன்னாடி இருக்கார்.

ஏழு வாரம் சின்ன அளவுதான், அதை மறக்க வேண்டாம். ஆரம்ப ஆர்வம் எல்லாருக்கும் இருக்கும். பழைய ஆளோட முதல் ஏழு வாரத்தை மட்டும் தனியா எடுத்து ஒப்பிட முடிஞ்சா இன்னும் சரியா இருக்கும்.

ரெண்டு: இவர் எந்த மாதிரி டிஃபென்ஸ்மேன்?

2012 டிராஃப்ட்ல வந்த ரெண்டு பேரைப் பார்ப்போம். மார்கன் ரைலி 5-வது பிக். 2018-19 சீசன்ல 20 கோலோட 72 பாயின்ட்ஸ் எடுத்தார். ஜேக்கப் ஸ்லாவின் 120-வது பிக். அவர் பேர் வாங்கினது கோல் அடிச்சு இல்ல, எதிராளியைத் தப்பு பண்ணாம மடக்கி. 2020-21-ல 52 மேட்ச் ஆடி, மொத்தமே ரெண்டு நிமிஷம்தான் பெனால்டி பாக்ஸ்ல உட்கார்ந்தார். கோல், அசிஸ்ட் மட்டும் பார்த்தா ஸ்லாவினோட பாதி வேலை கண்ணுக்கே தெரியாது.

நேயரோட வீரரும் தடுப்பாட்டத்துக்காக உருவாக்கப்பட்டவர். அவரைத் தாக்குதல் டிஃபென்ஸ்மேனோட ஜூனியர் ஸ்கோரோட ஒப்பிட்டா தோற்கத்தான் செய்வார். ஐஸ்ல எவ்வளவு நேரம் விடுறாங்க, எத்தனை ஷாட்டைத் தடுக்கிறார், பெனால்டி எவ்வளவு வாங்குறார்னு பாருங்க. அதே வகை ஆட்களோட மட்டும் ஒப்பிடுங்க.

மூணு: ஜெயிச்சவங்களை மட்டும் வரிசையில வைக்காதீங்க

அதே 2012-ல முதல் பத்து பிக்ல எட்டு பேர் டிஃபென்ஸ்மேன். நாலாவதா நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட் என்ஹெச்எல்ல ஆடினது மொத்தம் 37 மேட்ச். 86-வதா செயின்ட் லூயிஸ் எடுத்த கோல்டன் பரைக்கோ 2019-ல ஸ்டான்லி கப் தூக்கினார். இன்னும் பழைய கதை வேணும்னா நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். 1989-ல 53-வது பிக், அதாவது மூணாவது ரவுண்டு. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் டிராஃபியை ஏழு தடவை வாங்கினார்.

இதைக் கேட்டுட்டு "நானும் லிட்ஸ்ட்ரோம்"னு கிளம்பிடாதீங்க. மூணாவது ரவுண்டுல போன நிறைய பேர் பெரிய லீக்ல காலே வைக்கல. அவங்க பேர் நமக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவுதான். அதனால ஷீட்ல அந்த டீம் எடுத்த எல்லா டிஃபென்ஸ்மேனையும் போடுங்க. பாதியில காணாமப் போனவங்களையும் சேர்த்து.

நாலு: யார் இன்னும் இருக்காங்க?

நிஜ ஹாக்கிக்கும் சிமுலேஷனுக்கும் பெரிய வித்தியாசம் இங்கதான். ரைன்ஹார்ட் முயற்சி பண்ணலைன்னு யாரும் சொல்ல முடியாது. நிஜத்துல உடம்புக்கும் திறமைக்கும் ஒரு எல்லை இருக்கு. சிமுலேஷன்ல எல்லாரும் ஒரே இடத்துல தொடங்குறோம். வாராவாரம் வந்து பதிவு போடுறவரோட வீரர் வளர்வார். வராதவரோட வீரர் அப்படியே நிப்பார், வயசானதும் இறங்குவார்.

அதனாலதான் டிராஃப்ட்டுக்கு முன்னாடி ஜிஎம்கள் மெசேஜ் பண்ணிப் பேச்சு கொடுக்கிறாங்க. "எந்த பொசிஷன் பிடிக்கும்?"னு கேட்டாலும், அவங்க தெரிஞ்சுக்க நினைக்கிறது இந்த ஆள் ஆறு மாசம் கழிச்சும் இருப்பாரான்னுதான். கடைசி நேரத்துல சேர்ந்தவரைப் பத்தி அவங்களுக்குத் தகவல் கம்மி. அதான் மூணாவது ரவுண்டு. அதை உங்க வீரர் மேல வந்த தீர்ப்பா எடுத்துக்க வேண்டாம்.

தம்பி, ஷீட்ல ஒரே ஒரு காலம் சேருங்க: "டிராஃப்ட்டுக்கு அப்புறம் எத்தனை சீசன் தொடர்ந்து வந்தார்?" அதை நிரப்பிட்டு, அந்த 240 பாயின்ட்ஸ் ஆள் இப்போ எங்க இருக்கார்னு பாருங்க. அவர் இன்னும் ஆடிட்டு இருந்தா அவருக்கே ஒரு மெசேஜ் போட்டு, பாயின்ட்ஸை எப்படிப் பிரிச்சார்னு கேளுங்க. இப்போ நீங்க ரெண்டு பேரும் ஒரே டீம்தானே?

முடிவு என்னாச்சுன்னு அடுத்த சீசன்ல இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மத்தவங்களும் உங்க டிராஃப்ட் கதையைச் சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.