சைக்கிள் பந்தயத்தில் ஐயமும் சான்றும்

மனிதனுடைய உடல் வன்மையையும் மனவுறுதியையும் ஒருங்கே சோதிக்கும் விளையாட்டுக்கள் சிலவே. அவற்றுள் முதன்மையானது பிரான்ஸ் தேசத்தில் ஆண்டுதோறும் கோடையில் நிகழும் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் சைக்கிள் பந்தயமாகும். 1903ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பந்தயத்தில் இக்காலத்து வீரர்கள் மூன்று வாரங்களில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடக்கின்றனர். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளையும் ஏறியிறங்குகின்றனர். ஆயினும், அங்கே ஒருவர் வியத்தகு வெற்றி பெறுங்கால் கைதட்டலைத் தொடர்ந்து, "இவர் மருந்து உண்டனரோ?" என்னும் முணுமுணுப்பும் எழுகின்றது. இவ்வையம் யாங்ஙனம் தோன்றியது, எவ்வளவு நியாயமானது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இஃது இன்று நேற்று முளைத்ததன்று. 1924ஆம் ஆண்டிலேயே பெலீசியே சகோதரர், பந்தயத்தினின்றும் விலகியபின், தாங்கள் கொக்கேயினும் பல்வகை மாத்திரைகளும் கொண்டே ஓடி வந்ததாக ஆல்பேர் லோந்திர் என்னும் பத்திரிகையாளரிடம் கூறினர். 1967ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், டாம் சிம்ப்சன் என்னும் ஆங்கில வீரர் மோன் வாந்து மலைச்சரிவில் வீழ்ந்து உயிர் நீத்தார். அவருக்கு வயது 29. கடும் வெப்பமும் களைப்பும் வருத்திய அவ்வுடலில் ஆம்பெட்டமின் என்னும் மருந்தும் இருந்தமை பின்னர்த் தெரிய வந்தது. களைப்பு என்பது உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. அதனை மருந்தால் மறைப்பவன் அபாய மணியின் நாவை அறுத்தவனாவான்.

பிற்காலத்தில் வந்த மருந்து இன்னும் நுட்பமானது. நம் சிறுநீரகங்களிற் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் என்னும் பொருள், எலும்பு மச்சையைத் தூண்டிச் செவ்வணுக்களைப் பெருக்குகின்றது. அவ்வணுக்களே பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்வன. இப்பொருள், நோயாளரின் பொருட்டுச் செயற்கை முறையில் ஆக்கப்பட்டதும், பந்தய வீரர் சிலர் கைக்குள்ளும் சென்றது. இரத்தம் அளவுக்கு மிஞ்சித் தடித்தால் நாளங்களில் உறைந்து உயிருக்கே இறுதியாகலாம். ஆகவே 1997ஆம் ஆண்டில் சர்வதேச சைக்கிள் சங்கம், ஆடவர் இரத்தத்திற் செவ்வணுக்களின் பங்கு நூற்றுக்கு 50ஐக் கடத்தலாகாது என விதித்தது. ஆனால், இயல்பாக 42 உடையவர் மருந்தினால் 49 வரை உயர்த்திக்கொள்ள அவ்விதி தடையாகவில்லை. வேலியாக நட்டது இலக்காக மாறிற்று! மறு ஆண்டிலேயே பெஸ்தினா என்னும் குழுவின் ஊழியர் ஒருவர் ஊக்க மருந்துகள் நிறைந்த காருடன் பிரான்ஸ் எல்லையிற் பிடிபட, அக்குழு முழுவதும் பந்தயத்தினின்றும் நீக்கப்பட்டது.

அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதையோ யாவரும் அறிந்ததே. 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து வென்ற அவர், எண்ணற்ற சோதனைகளிலும் தாம் அகப்பட்டதில்லை என்றே வாதித்து வந்தார். முடிவில், 2012ஆம் ஆண்டில், உடன் ஓடியவர்களின் சாட்சியத்தால் உண்மை வெளிப்பட்டது. ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013இல் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். சோதனையில் தேறுதல் தூய்மைக்கு முற்றிய சான்றாகாது என்னும் பாடத்தை உலகம் இங்ஙனம் கற்றது.

ஆயின், வேகம் மட்டும் குற்றத்திற்குச் சான்றாகுமோ? 2024ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்லொவேனிய வீரர் தடேய் பொகாச்சர், பிரனீசிலுள்ள பிளாத்தோ டி பெய் ஏற்றத்தை ஏறக்குறைய 40 நிமிடங்களில் ஏறி, 1998இல் மார்க்கோ பந்தானி எடுத்த நேரத்தினும் மூன்று நிமிடங்களுக்கு மேற் குறைத்தார். பந்தானியின் அவ்வாண்டு மாதிரிகளில் எரித்ரோபொய்ட்டின் இருந்ததைப் பிரெஞ்சு மேலவையின் 2013ஆம் ஆண்டு அறிக்கை காட்டியுள்ளமையால், ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. எனினும் கணக்கை ஊன்றி நோக்குவோம். அவ்வேற்றம் 15.8 கிலோமீட்டர் நீளமும் சுமார் 1,250 மீட்டர் உயரமும் உடையது. 65 கிலோ எடையுள்ள ஒருவர், வண்டி உடைகளுடன் 74 கிலோவாக, அதனை 40 நிமிடங்களில் ஏறினால், புவியீர்ப்பை வெல்லவே சுமார் 380 வாட் ஆற்றல் வேண்டும். காற்றின் தடையையும் சாலையின் உராய்வையும் கூட்டின் 450 வாட் அளவாகும். ஆனால், நொடிக்கு 2 மீட்டர் வேகமுள்ள மெல்லிய காற்று பின்னின்று வீசினும் ஏறக்குறைய 25 வாட் குறைந்துவிடும். முன்னே செல்பவரின் நிழலில் ஓடுதல், புதிய டயர்கள், பந்தயத்தின்போதே உட்கொள்ளும் மாச்சத்தின் மிகுதி என்பனவும் கணக்கிற் சேரும். கடிகாரம் வேகத்தைக் கூறுமேயன்றி, அதன் காரணத்தைக் கூறாது. பொகாச்சர் மீது ஊக்க மருந்துக் குற்றம் எதுவும் நிறுவப்படவில்லை என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

ஆகலின், ஐயத்தை வதந்தியாக அலையவிடாது முறையான ஆராய்ச்சியாக ஆக்குவதே தக்கது. 2008ஆம் ஆண்டில் ஏற்பட்ட 'உயிரியல் கடவுச்சீட்டு' இந்நோக்குடையது. அது வீரர் ஒருவரின் இரத்த அளவுகளைப் பிறருடைய அளவோடு மட்டும் ஒப்பிடாது, அவருடைய பல்லாண்டு அளவுகளோடே ஒப்பிட்டு, இயல்புக்கு மாறான ஏற்றத்தாழ்வுகளைத் தேடுகின்றது. மாதிரிகளைச் சேமித்து வைத்துப் புதிய முறைகளால் மீண்டும் சோதித்தலும் பயனுடையது.

இவ்விடத்து நாம் மறக்கலாகாத ஒருவர் உளர். கிறிஸ்தோப் பாசோன் என்னும் பிரெஞ்சு வீரர், பெஸ்தினா குழுவிலிருந்தும் மருந்து தொடாதவர் என்று உடன் ஓடியவர்களாலேயே குறிக்கப்பட்டவர். 1999ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போது ஊக்க மருந்தைப் பற்றிப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதியமையால் சக வீரர் அவரை ஒதுக்கினர். ஆர்ம்ஸ்ட்ராங் ஓடும்போதே நெருங்கி வந்து கண்டித்தார். மனமுடைந்த பாசோன் பந்தயத்தை விட்டு நடுவிலேயே நீங்கினார். பொய்யன் மேடையேறினான், மெய்யன் வீடு திரும்பினான்.

மருந்தின் பெருந்தீமை இதுவே. அது பரிசை மட்டும் களவாடுவதில்லை. நேர்மையாளன் பெறும் புகழையும் ஐயத்திற்கு உள்ளாக்குகின்றது. கண்மூடி நம்புதல் ஏமாற்றுவோனுக்குத் துணையாம். சான்றின்றிப் பழித்தல் தூயோனுக்குத் தீங்காம். இரண்டையும் விலக்கி, கேட்க வேண்டுவனவற்றைக் கேட்டு, சான்று வருமளவும் தீர்ப்பை நிறுத்தி வைப்பதே கல்வியறிவுடையார் கடனாகும்.