சுராபாயா: சந்து வழியே ஒரு நகர்

ஒவ்வோர் ஊருக்கும் இரு வாயில்கள் உண்டு. ஒன்று வருவோர்க்கெனத் திறந்து வைக்கப்படுவது. மற்றொன்று ஊரார் நாடோறும் புகுந்து புறப்படுவது. முன்னதன் வழியே செல்வோர் மாளிகைகளையும் நினைவுத் தூண்களையும் கண்டு மீள்வர். பின்னதன் வழியே செல்வோரே அவ்வூரை அறிவர். இவ்வுண்மையை விளக்குதற்கு இந்தோனீசியாவின் துறைமுக நகராகிய சுராபாயாவை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

இந்நகர் சாவகத் தீவின் வடகரையில், மதுரா என்னும் தீவினை நோக்கி அமைந்துள்ளது. கிழக்குச் சாவக மாகாணத்தின் தலைநகர். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கு வாழ்வோர் ஏறக்குறைய 29 லட்சம். 'சுரா' என்பது சுறாமீனையும், 'பாயா' என்பது முதலையையும் குறிக்கும் என்பர் அந்நகரத்தார். அவ்விரண்டும் பொருதும் உருவமே நகரின் சின்னம். மங்கோலியர் படையை ராடன் விஜயர் ஓட்டிய 1293 மே 31-ஆம் நாளையே நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர்.

பெருஞ்சாலையில் நின்று நோக்குவார்க்குச் சுராபாயா ஏனைப் பெருநகர்களைப் போன்றே தோன்றும். உயர்ந்த கட்டிடங்களும் அங்காடி மாளிகைகளுமே கண்ணிற்படும். அவற்றின் பின்னே கிடப்பன 'கம்போங்' எனப்படும் குடியிருப்புகள். சாலையோரத்து வளைவு வாயில் ஒன்றினுட் புகுந்தால் இருவர் எதிர்ப்பட்டு விலகுமளவே அகலமுள்ள சந்து நீளும். மோட்டார் சைக்கிளில் வருவோர் இறங்கி உருட்டிச் செல்க என்னும் அறிவிப்பு பல சந்துகளின் தலைப்பிற் காணப்படும். இருமருங்கும் பூந்தொட்டிகள், திண்ணையில் முதியோர், நடுவே ஆடும் சிறுவர். சந்து என்பது அங்கே வழி மட்டுமன்று. அவ்வீடுகள் அனைத்திற்கும் பொதுவான முன்கூடம். ஆதலின் அதனுட் புகுவோர் பிறர் இல்லம் புகுவார் போல் மெல்ல நடந்து, முகமலர்ந்து வணங்கிச் செல்லுதல் முறையாகும்.

நெருங்கிய இக்குடியிருப்புகளை இடித்து அகற்றுதலே நகரைச் சீர்திருத்தும் வழி எனக் கருதுவார் உளர். சுராபாயா வேறு வழியுங் கண்டது. குடிகளைப் பெயர்க்காது, பாதைக்குத் தளமிட்டும் வடிகால் அமைத்தும் நீர்வசதி செய்தும் அவர்கள் இருக்கும் இடத்தையே திருத்தும் பணி அங்கு நடைபெற்றது. அவ்வாறு திருத்தம் பெற்ற கெபாலென் என்னும் கம்போங் 1986-இல் ஆகா கான் கட்டிடக்கலைப் பரிசு பெற்றது. ஏழையின் சந்தும் காக்கத்தக்கதே என்பதற்கு இது சான்றன்றோ?

இந்நகரைக் காண்பதற்குத் தக்க ஊர்தி கால்களே. பெனெலே என்னும் பழைய குடியிருப்பில் தொடங்குவோம். அதன் ஏழாஞ் சந்தில் தலைவர் சொக்ரோஅமினோதோவின் சிறு வீடு உளது. 1916-இல் இந்நகரிற் பயில வந்த இளைஞர் சுகர்ணோ தங்கியது இவ்வீட்டிலேயே. பின்னாளில் நாட்டின் முதற் குடியரசுத் தலைவராய் விளங்கிய அவர் அரசியலின் அரிச்சுவடியைக் கற்றது இச்சந்தினுள் என்பது நினைவிற்குரியது.

அங்கிருந்து காலி மாஸ் ஆற்றின் வழியே வடக்கே நடந்தால் செம்பாலம் எதிர்ப்படும். ஒல்லாந்தர் ஆட்சியில் அதன் மேற்கே ஐரோப்பியர் பகுதியும், கிழக்கே சீனர் பகுதியும் இருந்தன. அப்பாற் சென்றால் மீனும் வெங்காயமும் குவிந்து கிடக்கும் பபேயான் சந்தை. அதற்கு அணித்தே 15-ஆம் நூற்றாண்டில் சமயம் பரப்பிய சுனன் அம்பெலின் பள்ளிவாசலும், பேரீச்சம்பழமும் நறுமணப் பொருளும் விற்கும் அராபியர் தெருக்களும் உள்ளன. ஆற்றின் கழிமுகத்தை அடைந்தால் தீவுதோறும் சரக்கேற்றிச் செல்லும் கலங்கள் நிற்கும் பழந்துறையைக் காணலாம். ஒரு காலைப்பொழுதின் நடைக்குள் இத்தனை இனத்தாரும் அடங்குதல் துறைமுக நகரின் இயல்பு.

பசித்தாற் செய்வது யாது? பெரிய உணவகத்தை நாடவேண்டா. தெருவிலே காத்திருத்தல் போதும். முதுகில் துணியாற் கட்டிய கூடையைச் சுமந்து, கூவிக்கொண்டு ஒரு மூதாட்டி வருவார். அவர் விற்பது 'செமாங்கி'. நம் நாட்டு ஆரைக்கீரைக்கு இனமான நாலிலைக் கீரை. அதனை அவித்து வாழையிலையில் இட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு கலந்த காரக்குழம்பை மேலே ஊற்றி அப்பளத்துடன் தருவார். கெளுவாக் என்னும் கொட்டையினாற் கறுத்த மாட்டிறைச்சிச் சாறாகிய 'ராவோனும்' இந்நகரத்தார் விரும்பும் உணவு.

உண்டபின் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு, அதுதான் வாளாவிருத்தல். காப்பிக்கடைப் பலகையில் அமர்ந்து நெடுநேரம் உரையாடுதலை அவர்கள் 'சங்ருக்' என்பர். அரசவை மரபு வழுவாத சோலோ, ஜோக்ஜா நகரத்தாரின் நயப்பேச்சு இங்கில்லை. துறைமுகத்தாரின் வெளிப்படையான பேச்சே உண்டு. ஆடவரைச் 'சாக்' என்றும் பெண்டிரை 'நிங்' என்றும் அழைப்பர். அண்ணன், அக்காள் என்பன போலும் முறைப்பெயர்கள் அவை. அச்சொல்லிட்டு வழி வினவும் அயலாருக்கு, வழியோடு காப்பியும் கிடைத்தல் கூடும்.

இனி, இந்தியராகிய நாம் மறத்தலாகாத செய்தி ஒன்றுண்டு. இந்தோனீசியா விடுதலையை அறிவித்த 1945-ஆம் ஆண்டின் அக்டோபர் 25-ஆம் நாள், பிரித்தானியரின் 49-ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிகேடு இந்நகரில் இறங்கிற்று. ஐந்து நாளில் அதன் தலைவர் மல்லபி செம்பாலத்தருகே உயிர் நீத்தார். நவம்பர் 10-இல் மூண்ட பெரும்போர் ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. அந்நாளை அந்நாட்டார் வீரர் நாளாகப் போற்றுகின்றனர். தம் நாடே விடுதலை பெறாத நிலையில், விடுதலை வேண்டிய பிறர் மீது நம்மவர் ஏவப்பட்டனர். படைக்கலத்துடன் வந்தோர்க்கு அந்நகர் கைப்பற்ற வேண்டிய துறையும் பாலமும் சாலையுமாகத் தோன்றியிருக்கும். சந்துகளில் வாழ்ந்தோர்க்கோ அது வீடு. சாவகத்தில் அம்மக்கள் பக்கஞ் சேர்ந்த இந்திய வீரரும் சிலர் உளர்.

எனவே ஊரார் வழியே ஓர் ஊரைக் காணுதல் வெறும் பொழுதுபோக்கன்று. மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு ஊர் பொருளாகத் தெரியும். உடன் நடந்து, உடனுண்டு, உடனிருப்பவர்க்கே அது மனிதராகத் தெரியும். சுராபாயாவிற்குச் செல்லும் பேறு நம்முள் எவர்க்கேனும் வாய்ப்பின், பெருஞ்சாலையை விடுத்து வளைவு வாயிலினுட் செல்க. விரைவைப் புறத்தே நிறுத்துக. 'சாக்' என அழைத்து வழி வினவுக.