ஒரே சீசனில் 9 புள்ளி கூடினால், உங்கள் டாக்டிக்தான் காரணமா?

ஃபுட்பால் மேனேஜரில் 'ஹை பிரஸ்' போட்டீங்க, போன சீசனைவிட 9 புள்ளி கூடுதல். டாக்டிக் வேலை செய்யுதுன்னு முடிவு கட்டலாமா? அவசரப்படாதீங்க.

ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு மேட்ச்சிலும் உங்கள் அணி வெல்ல 37%, டிரா ஆக 26%, தோற்க 37% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 38 மேட்ச்சில் சராசரியாக 52 புள்ளி வரும். ஆனால் எதையுமே மாற்றாவிட்டாலும், வெறும் அதிர்ஷ்டத்தால் 8 புள்ளி ஏறுவதும் இறங்குவதும் சகஜம்.

அப்போ எப்படிச் சோதிப்பது? இந்த கேமில் வீரரின் திறன்கள் 1 முதல் 20 வரை. 'பேஸ்' விளைவைப் பார்க்கணும்னா எடிட்டரில் அதை மட்டும் மாற்றுங்கள்; டாக்டிக், எதிரணிகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரே சேவிலிருந்து அந்த சீசனை 100 முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். 8 புள்ளி தடுமாற்றம் 0.8 ஆகச் சுருங்கும். மாற்றாத அணியையும் 100 முறை ஓட்டினால்தான் ஒப்பிட முடியும்.

இன்னொன்று: இதில் தெரிவது கேமின் மேட்ச் எஞ்சின் எப்படி இயங்குகிறது என்பதுதான், நிஜக் கால்பந்து அல்ல.

ஆபீஸில் ஒரு மாத விற்பனை ஏறியதும் 'புது ஐடியா ஹிட்' என்று யாராவது சொன்னாலும் இதையே கேளுங்கள்: எத்தனை சீசன் பார்த்தீங்க?