விசில் ஏன் ஒலித்தது? மைதான ஹொக்கி பயில்வோருக்குச் சில விதிகள்

பிறம்ரனில் ஹொக்கி என்றதும் பனித்தளமே நினைவில் எழும். ஆயினும் கசி கம்பெல் சமூக நிலையத்தின் செயற்கைப் புற்றரையில் ஆடப்படுவது மைதான ஹொக்கி. 1980இல் மொஸ்கோவில் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்ற அதே ஆட்டம். பிள்ளைகளை அதற்கு அனுப்பும் பெற்றோர் பலர், நடுவரின் விசிலுக்குக் காரணம் புரியாது திகைப்பதை நாம் காண்கின்றோம்.

அணிக்குப் பதினொருவர். மட்டையின் தட்டையான பக்கத்தாலேயே ஆடவேண்டும். உருண்ட பின்புறம் பந்தில் பட்டால் தவறு. இடக்கையாளருக்கெனத் தனி மட்டை இல்லை. பனி ஹொக்கியில் இடக்கை மட்டை பிடித்துப் பழகிய பிள்ளைக்குத் தொடக்கத்தில் திண்டாட்டந்தான்.

உதைபந்தாட்டத்தில் ஊறிய எமக்கு விளங்கச் சிரமமானது மறித்தல் தவறு. எதிராளிக்கு முதுகைக் காட்டிப் பந்தை உடலால் காப்பது அங்கே திறமை, இங்கே குற்றம். பந்தை எட்ட முயல்பவருக்குக் குறுக்கே உடலை இடலாகாது. ஆனால் அசையாது நின்று பந்தை வாங்குபவர் எத்திசை நோக்கியும் நிற்கலாம். காலில் பந்து பட்டு அதனால் நன்மை அடைவதும் தவறே. கோல் காப்பாளருக்கு மட்டும், தன் வட்டத்துள், விலக்குண்டு.

வட்டத்துக்குள் தாக்கும் அணியினரின் மட்டை பந்தில் பட்டாலன்றிக் கோல் இல்லை. காக்கும் அணி அங்கே தவறிழைப்பின் பெரும்பாலும் பெனால்ற்றி கோர்ணர்: காப்பாளர் உட்பட ஐவர் கோல் கோட்டின் பின்னே நிற்க, ஏனையோர் நடுக்கோட்டுக்கு அப்பால் செல்லவேண்டும்.

சிவப்பு அட்டை பெற்றவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. மஞ்சளெனில் குறைந்தது 5 நிமிடம் வெளியே. பச்சை அட்டையுடன் வந்து அமரும் பிள்ளையைப் பெற்றோர் ஏசவேண்டியதில்லை. அது 2 நிமிடந்தான்.