தேருக்கு அச்சாணி, டர்போவுக்கு ஸ்டட்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கல்பாத்திக்குத் தனிக்களை வந்துவிடும். விசுவநாத சுவாமி கோயில் தேரைக் காண எங்கெங்கோ குடியேறிய பிள்ளைகளெல்லாம் வந்து சேருவார்கள். முன்பு ஒலவக்கோடு ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி வந்தவர்களில் பாதிப்பேர் இப்போது காரில் வருகிறார்கள். சென்ற ஆண்டுத் தேருக்கு என் மருமான் பெங்களூரிலிருந்து மனைவி, இரண்டு குழந்தைகளோடு தன் புதிய பெட்ரோல் டர்போ காரில் வந்தான். வந்தவன் முகத்தில் தேர்ச் சந்தோஷம் இல்லை.

"மாமா, வாளையார் தாண்டினதுலேர்ந்து குழந்தைகள் ரெண்டும் தலையை வலிக்கறதுங்கறதுகள். ஏசியில ஏதோ பொகை வாசனை வரது" என்றான்.

"கார்த்தால ஸ்டார்ட் பண்ணறச்சே டிக் டிக்னு சத்தம் கேக்கறதோ?"

"ஆமாம் மாமா. கொஞ்சம் சூடானா நின்னுடறது. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

டிப்ளமா முடித்து 1979-ல் ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் நான். அந்த டிக் டிக் எனக்குப் பழைய சிநேகிதன். மறுநாள் காலை பானெட்டைத் திறந்து பார்த்தேன். டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் சேரும் ஃபிளாஞ்சில் கரி படிந்திருந்தது. மூன்று ஸ்டட்டுகளில் இரண்டு துருவேறிய பழுப்பு நிறம். மூன்றாவது இடத்தில் கடைபோல்ட் ஒன்று. அதைக் கையாலேயே திருக முடிந்தது. ஒரு மாதத்துக்கு முன் ஸ்டட் ஒன்று ஒடிந்துபோக, வழியில் ஏதோ ஒரு பட்டறையில் போட்டுக் கொடுத்தார்களாம்.

டர்போ என்பது புது அதிசயமல்ல. எஞ்சினிலிருந்து வீணாகும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும் ஏற்பாடு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் டர்போ வைத்த கார் விற்பனைக்கு வந்தது 1962-ல். அதே 1962-ல்தான் 16 சிலிண்டரும் 2600 குதிரைத் திறனும் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின்கள் டர்போவோடு நம் நாட்டுக்கு வந்தன. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவை அவை.

பெட்ரோல் காரில் புகை டர்போவுக்குள் நுழையும்போது 900 டிகிரி செல்சியஸ்கூட இருக்கும். ஃபிளாஞ்சும் ஸ்டட்டும் 500, 600 டிகிரியைத் தொடலாம். விஷவாயுவைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் டர்போவுக்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே இந்த இணைப்பில் கசிவது சுத்தமாகாத புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே கொண்டுபோகக்கூடியது. குழந்தைகளின் தலைவலியை நான் பயணக் களைப்பு என்று தள்ளிவிடாததற்குக் காரணம் இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். ஓர் இரவு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு உரிய போல்ட் கைவசம் இல்லை. காலையில் எஞ்சின் புறப்பட்டாக வேண்டும். அளவும் மரையும் ஒத்திருந்த சாதாரண போல்ட் நாலைந்தை மாட்டி, பலங்கொண்ட மட்டும் இறுக்கி அனுப்பினேன். சில நாளில் எஞ்சின் திரும்பி வந்தது. இணைப்பெங்கும் கரி, பக்கத்தில் கசிந்திருந்த எண்ணெய் கருகிப்போயிருந்தது. இன்னும் சற்று எண்ணெய் கசிந்திருந்தால் தீப்பிடித்திருக்கும். மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. கழற்றிய போல்ட்டில் ஒரு நட்டைக் கையால் ஓட்டச் சொன்னார். பாதி வழியில் நட்டு நின்றுவிட்டது. சூட்டில் போல்ட் இழுபட்டு நீண்டு, மரையின் இடைவெளியே மாறிவிட்டிருந்தது. "குளிர்ல பயில்வான், சூட்டுல நோஞ்சான்" என்றார். நாற்பது வருஷம் கழித்தும் அந்தச் சொல் மறக்கவில்லை.

போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாமல் தாங்கும். அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது. எண் பெரிதானால் பலமும் பெரிது. ஆனால் இது சாதாரண வெப்பத்தில் உள்ள பலம். இந்த இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் குளிர்வித்தபின், 400 டிகிரிச் சொச்சத்தில் மீண்டும் பதப்படுத்தித்தான் அந்த உறுதியைக் கொடுக்கிறார்கள். டர்போவின் சூடு அதைத் தாண்டினால் கொடுத்த உறுதி கரையும். ஆகவே 12.9 போட்டால் நிம்மதி என்று எண்ணுவது ஏமாற்றம்.

பளபளக்கும் துத்தநாகப் பூச்சும் இங்கே உதவாது. துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும். உருகியது இரும்புக்குள் ஊடுருவினால் போல்ட் வெடிக்கும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு முதல் பயணத்திலேயே பயனற்றுப் போகும்.

"துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போட்டா என்ன மாமா?" என்று மருமான் கேட்டான். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ், வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். 40 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்டட் 500 டிகிரி சூடேறினால் வார்ப்பிரும்பைவிடச் சுமார் 0.1 மில்லிமீட்டர் அதிகம் நீளும். நாம் இறுக்கும்போது ஸ்டட் இழுபடுவதே அவ்வளவு இராது. பிடிப்பு போயிற்று! தவிர, ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டு கழற்ற வராமல் படுத்தும்.

பின் எது சரி? குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு மிதமான சூட்டுக்குப் போதும். அதற்கு மேல் ஏ-286 என்ற நிக்கல் கலந்த உலோகம். இன்னும் கடுமையான இடத்துக்கு இன்கொனல். டர்போவின் வார்ப்பு உலோகம், சூடு, விரிவு மூன்றையும் கணக்கிட்டுத்தான் கார்க் கம்பெனி ஸ்டட்டைத் தேர்ந்தெடுக்கிறது. நமக்கு அந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. அந்தக் காருக்கு உரிய பாக எண்ணைச் சொல்லி அசலையே வாங்கிவிட்டால் போதும்.

மாட்டும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று ஒடிந்தால் மற்றவையும் அதே சூட்டில் வெந்தவைதாம், எல்லாவற்றையும் மாற்றுங்கள். கேஸ்கட்டும் நட்டும் புதிதாக இருக்கட்டும். உலோகத்தாலேயே பூட்டிக்கொள்ளும் நட்டு, பெரும்பாலும் செம்புப் பூச்சுள்ளது, போட வேண்டும். ஃபிளாஞ்ச் கோணியிருந்தால் எந்த ஸ்டட்டும் நிற்காது. பரப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். டார்க் ரெஞ்ச்சை வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும். பிடித்துக்கொள்ளாமலிருக்கத் தடவும் பசையைக் கையேடு சொன்னால் மட்டுமே தடவ வேண்டும். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவில் பசை தடவிய மரையை இறுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

மருமானின் காரை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து அசல் ஸ்டட்டுகள் வர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் தேர்கள் சங்கமிக்கும் மாலையும் வந்தது. வடம் பிடித்த கூட்டத்தில் பெரியவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"தாத்தா, இத்தனை பெரிய சக்கரம் கழண்டு போகாதா?"

"அச்சாணி இருக்கே, கண்ணம்மா."

மூன்று ஸ்டட், மூன்று நட்டு, ஒரு கேஸ்கட். குழந்தைகள் தேர்க்கடையில் வாங்கிய பொம்மைகளைவிடச் சற்றே கூடுதல் செலவு. பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் மருமான் போன் செய்தான். சத்தம் இல்லை, வாசனை இல்லை, யாருக்கும் தலைவலியும் இல்லை.

நீங்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி, காரில் டிக் டிக் சத்தமோ புகை வாசனையோ வந்தால் கண்ணாடியை இறக்கி, ஓரமாக நிறுத்துங்கள். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். ஒர்க்ஷாப்பில் "இதுவும் அதே சைஸ்தான் சார்" என்று யாராவது சொன்னால், "சூடு தாங்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் குழந்தைகளுக்காக அது நாம் கேட்க வேண்டிய கேள்வி.